குளிருக்குள் மறைந்திருந்த வெண்புகை: ஒரு சிறிய காரின் ஹெட் கேஸ்கட் பழுது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் கராஜ் நானுஓயாவில், நுவரெலியாவுக்கு ஏறும் வீதியோரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1600 மீற்றருக்கு மேல். டிசம்பர் தொடங்கி பெப்ரவரி வரை காலை ஆறு மணிக்கு இங்கே எந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினாலும் சைலன்சரில் வெள்ளையாகப் புகை வரும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. கொழும்பு வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. இங்கே குளிர்காற்று பட்டதும் வெள்ளையாகத் திரண்டு நிற்கும். அதனால் வெண்புகையை இந்தப் பக்கத்தில் யாரும் பழுதாக நினைப்பதில்லை. இந்தக் கார் இரண்டு மாதம் கவனிப்பாரின்றி ஓடியதற்கு முதல் காரணம் அதுதான்.

கார் 800 சிசி, மூன்று சிலிண்டர், ஃபியூல் இன்ஜெக்ஷன் உள்ள சிறிய பெற்றோல் கார். எஞ்சினின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி, வார்ப்பிரும்பு. அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே, எரியும் வாயுவும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காமல் அடைத்து நிற்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். சொந்தக்காரர் ஓர் ஆசிரியர். வீடு நானுஓயாவுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில், பாடசாலை லிந்துலைப் பக்கம். காலையில் ரதல்ல குறுக்கு வீதியால் இறங்குவார், பின்னேரம் ஏறி வருவார். இந்த இறக்கமும் ஏற்றமும் நோயைக் கண்டுபிடிப்பதில் எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

கதை இதற்கு ஒரு வருடம் முன்னால் தொடங்குகிறது. குடும்பத்தோடு கண்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது றம்பொடை ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போய், ரேடியேட்டர் கொதித்து நின்றிருக்கிறது. அன்று பார்த்த ஒரு கராஜில் தேர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, கழற்றி எறிந்துவிட்டு, “நுவரெலியாக் குளிருக்கு இது தேவையே இல்லை சேர்” என்று அனுப்பியிருக்கிறார்கள். அதன் பிறகு முள் பாதிக்குக்கூட ஏறவில்லை. அவருக்கு நிம்மதி. கொதித்ததில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எல்லாம் போயிருந்தது. அந்த இடத்துக்கு வீட்டுப் பீலித் தண்ணீரையே ஊற்றி ஓடியிருக்கிறார்.

ஆசிரியரின் டயரி

அவர் எதையும் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவர். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீரையும் டயரியில் குறித்திருந்தார். முதலில் வாரத்துக்குக் கால் லீற்றர். டிசம்பர் கடைசியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் லீற்றர். ஜனவரி நடுப்பகுதியில் தினமும் அரை லீற்றர். எங்களிடம் வந்த வாரத்தில் தினமும் ஒரு லீற்றருக்குக் கிட்ட. எங்களிடம் இருந்த எந்தக் கருவியும் இதைவிடத் தெளிவான ஒரு சாட்சியத்தைத் தரவில்லை. தண்ணீர் கீழே ஒழுகவில்லை, ஆனால் குறைகிறது, குறையும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது.

இதற்கிடையில் இரண்டு விஷயங்கள் நடந்தன. வேறொரு கராஜில் புகையைப் பார்த்துவிட்டு பிஸ்டன் ரிங் (பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளியை அடைக்கும் வளையம்) போய்விட்டது, எஞ்சினை இறக்கிச் செய்ய வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்குப் பயந்து, ஒழுக்கை அடைக்கும் என்று உதிரிப்பாகக் கடையில் விற்ற ஒரு தூளை வாங்கி ரேடியேட்டரில் போட்டார். நான்கு நாள் தண்ணீர் குறையவில்லை. ஐந்தாம் நாள் பழையபடி குறையத் தொடங்கியது.

நவம்பரில் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்த புகைப் பரிசோதனையில் கார் தேறியதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது நியாயமான குழப்பம். பெற்றோல் வண்டிக்கு அந்தப் பரிசோதனையில் அளப்பது காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும். நீராவியை அது அளப்பதே இல்லை.

நாங்கள் கவனித்தவை

ஜனவரி மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை. காரை முதல் நாள் மாலையே விட்டுப் போகச் சொன்னோம். இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சினை நாங்களே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. காலை ஆறரைக்கு நல்ல மூடுபனி. பொதுவாக, நீராவி சீக்கிரம் கலைந்துவிடும், ஒயில் எரிந்த நீலப் புகை காற்றில் தங்கும் என்று சொல்வார்கள். ஈரம் நிறைந்த மலைக்காற்றில் இந்த அடையாளம் பலிக்காது. நீராவியும் தங்கும். ஆகவே எங்கள் கராஜ் வேனையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் பண்ணினோம். வேனின் வெண்புகை ஏழாவது நிமிடத்தில் அடங்கியது. காரின் புகை நாற்பது நிமிடத்துக்குப் பிறகும் அடங்கவில்லை.

சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தோம். நனைந்தது, ஒயில் கறை இல்லை. உதவிக்கு இருக்கும் தம்பி முகர்ந்து பார்த்துவிட்டு, “இனிப்பு மணமே இல்லையே அண்ணே, அப்ப இது ரேடியேட்டர் தண்ணி இல்ல” என்றான். இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இனிப்பு மணம் கூலன்டில் உள்ள கிளைக்கோலுக்குத்தான் உண்டு. இந்தக் காரில் ஓடியது பீலித் தண்ணீர். பச்சைத் தண்ணீர் ஆவியானால் மணம் எங்கிருந்து வரும்? மணம் இல்லாததை வைத்து எதையும் விலக்க முடியாது.

ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தது. அதையும் நாங்கள் ஆதாரமாக எடுக்கவில்லை. குளிரில் குறுகிய தூரம் ஓடும் வண்டிகளில் வெறும் ஈரம் படிந்தே அப்படி ஆகும். ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாக இருந்தது.

எங்களை உண்மையில் தடுமாற வைத்தது தேர்மோஸ்டாட் இல்லாததுதான். அது இல்லாத எஞ்சின் இந்த உயரத்தில் ஒழுங்கான சூட்டுக்கே வராது. அதிலும் இந்தக் கார் காலையில் முழுக்க இறக்கத்தில் போகிறது. எஞ்சினுக்கு வேலையே இல்லை, பாடசாலை போய்ச் சேரும் வரை குளிராகவே இருக்கும். எஞ்சின் குளிராக இருப்பதை உணர்ந்து கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெற்றோல் விடும். அதனாலும் வெண்புகை நீளும். அப்படியானால் நாற்பது நிமிடப் புகைக்குக் குளிர் எஞ்சினே காரணமாக இருக்கலாமே?

இதைப் பிரித்தறிய ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கார்ட்போர்ட் அட்டையை வைத்துக் காற்றை மறைத்தோம். ஒருவர் வெப்பமானியைப் பார்த்தபடியே இருந்தார். முள் நடுவுக்கு வந்ததும் அட்டையை எடுத்தோம். எஞ்சின் சூடு, சைலன்சர் கைவைக்க முடியாத சூடு. அப்போதும் புகை நிற்கவில்லை. அக்சிலரேட்டரை அழுத்தினால் இன்னும் அடர்த்தியாக வந்தது. குளிர் என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

சோதனைகள்

எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி 13 பிஎஸ்ஐ வரை அடித்தோம். இருபது நிமிடத்தில் 7க்கு இறங்கியது. கீழே விரித்திருந்த அட்டை காய்ந்தே இருந்தது. ஹோஸ், வாட்டர் பம்ப், உள்ளே இருக்கும் ஹீட்டர் எதிலும் ஈரம் இல்லை. பிறகு மூன்று பிளக்குகளையும் கழற்றி, பெற்றோலும் மின்பொறியும் வராதபடி இணைப்புகளை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். நடுச் சிலிண்டரின் துளையிலிருந்து தண்ணீர் சாரலாகத் தெறித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆசிரியர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒன்றாம், மூன்றாம் பிஸ்டன்களின் தலையில் கரி படிந்திருந்தது. இரண்டாவது பிஸ்டன் கழுவித் துடைத்ததுபோல் பளபளத்தது. எரியறைக்குள் தண்ணீர் கசிந்தால் அந்த நீராவியே கரியைக் கழுவிவிடும்.

கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும்போது சிலிண்டரில் எழும் அழுத்தத்தின் அளவுகள்: முதலாவதில் 138 பிஎஸ்ஐ, இரண்டாவதில் 96, மூன்றாவதில் 132. இங்கே ஒரு விளக்கம் தேவை. 1600 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்கு அளவுதான். எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு. எனவே கொழும்பில் 165 காட்டும் நல்ல எஞ்சின் இங்கே 138 காட்டும். ரிங் போய்விட்டது என்று அந்த மற்றக் கராஜில் சொன்னதற்கு, எல்லாச் சிலிண்டர்களும் கையேட்டு அளவைவிடக் குறைவாக இருந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். மலைநாட்டில் கையேட்டு எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ரிங்கா என்பதைத் தீர்க்க, இரண்டாவது சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளந்தோம். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஒயில் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறும். 96 என்பது 98 ஆனது, அவ்வளவுதான். கடைசியாக, எஞ்சினில் எரிந்த வாயு கலந்தால் நிறம் மாறும் நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்து எஞ்சினை ஓடவிட்டோம். ஒரு நிமிடத்துக்குள் மஞ்சளானது. சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீர்ப் பாதைக்கு வருகிறது, தண்ணீர் சிலிண்டருக்குப் போகிறது என்பது இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் உறுதியாகிவிட்டது.

ரேடியேட்டர் மூடியையும் அதே டெஸ்டரில் சோதித்தோம். 13இல் திறக்க வேண்டிய மூடி 4 பிஎஸ்ஐயிலேயே விட்டது. றம்பொடையில் நடந்தது அப்போதுதான் விளங்கியது. மூடி அழுத்தத்தைத் தாங்கினால் இந்த உயரத்தில் தண்ணீர் 115 பாகை செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். மூடி 4 பிஎஸ்ஐயிலேயே விட்டால், 103 பாகையை ஒட்டிய சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் அந்தச் சூட்டைத் தொடுவது சாதாரணம். மூடியை மாற்ற வேண்டிய இடத்தில் தேர்மோஸ்டாட்டைக் கழற்றியிருக்கிறார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி, “சித்திரை லீவு வரைக்கும் தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டலாமா தம்பி?” அவருடைய நிலைமை எங்களுக்குத் தெரியும். பாடசாலைக்கு நேரடி பஸ் குறைவு, கையில் பணமும் குறைவு. இருந்தும் முடியாது என்றே சொன்னோம். இரவில் நிறுத்திய காரின் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்து தேங்கினால், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது பிஸ்டனால் அந்தத் தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் தண்டான கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சினே போய்விடும். இரண்டாவது காரணம் ரதல்ல இறக்கம். எஞ்சின் நடுவழியில் நின்றால், ஓரிரு மிதியில் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரின் உதவி போய், மிதி கல்லாகிவிடும். அந்த வீதியில் அதைச் சோதித்துப் பார்க்க நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். “சேர், இதுல பிள்ளைகளையும் ஏத்திக்கிட்டுத்தானே போறீங்க” என்று மட்டும் சொன்னேன். சாவியை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸில் போனார்.

இரண்டாவது முடிவு, செலவைப் பற்றி எப்படிச் சொல்வது என்பது. கேஸ்கட் மட்டுமா, ஹெட்டே வெடித்திருக்கிறதா என்பது திறந்தால்தான் தெரியும். ஆகவே ஒரே தொகையாகச் சொல்லாமல் இரண்டு நிலைமைக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தோம். ஹெட்டை இறக்கியதும் அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்குவதாக ஒப்புக்கொண்டோம். ரிங் வேலையை இதோடு சேர்த்துச் செய்யலாமா என்றும் கேட்டார். தேவையில்லாத வேலைக்குப் பணம் வாங்க எங்களுக்கு விருப்பமில்லை. ஒன்றும் மூன்றும் இந்த உயரத்துக்குச் சரியான அளவைக் காட்டிய எஞ்சின் அது.

திறந்து பார்த்ததும் செய்த வேலையும்

ஹெட்டை எடுத்தபோது கேஸ்கட்டில் இரண்டாவது சிலிண்டரின் வளையத்துக்கும் பக்கத்துத் தண்ணீர்த் துளைக்கும் நடுவே ஒரு விரல்நக அகலத்துக்கு அரித்துப் போயிருந்தது. நேர்கோலையும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் வைத்துப் பார்த்ததில் ஹெட் 0.15 மில்லிமீற்றர் வளைந்திருந்தது. இந்த எஞ்சினுக்கு அனுமதி 0.05. வெறும் தண்ணீர் ஓடியதால் அலுமினியத்தில் தண்ணீர்த் துளைகளின் விளிம்புகள் பொருக்குத் தட்டிக் குழி விழுந்திருந்தன. கூலன்டில் உறையாமல் காக்கும் பொருளோடு துருவைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது. உறைபனி இல்லாத நாளிலும் அது வேண்டும் என்பதற்கு அந்த விளிம்புகளைவிட நல்ல காட்சி இல்லை. ஆசிரியர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

ஹெட்டைக் கம்பளையில் ஒரு லேத் கடைக்கு அனுப்பினோம். சுடுதண்ணீரில் அழுத்தம் கொடுத்துச் சோதித்ததில் வெடிப்பு இல்லை. ஃபேஸ் பண்ணி, அதாவது அடிமுகத்தைச் சமமாகச் சீவி, வால்வுகளையும் அரைத்து மூன்றாம் நாள் வந்தது. பிளாக்கின் மேல்முகம் சரியாக இருந்தது.

பூட்டும்போது அதிக நேரம் எடுத்தது போல்ட் துளைகளைச் சுத்தம் பண்ணுவதற்குத்தான். துளையின் அடியில் தண்ணீரோ ஒயிலோ தேங்கியிருந்தால் போல்ட் அதில் முட்டி நிற்கும். இறுக்கும் விசையை அளக்கும் டோர்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது. ஒவ்வொரு துளையையும் காற்றடித்து, துணி சுற்றிய கம்பியால் துடைத்தோம். புதிய போல்ட்டுகள், நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு மூன்று தடவையாக இறுக்கினோம். புதிய தேர்மோஸ்டாட், புதிய ரேடியேட்டர் மூடி, மூன்றில் ஒரு பங்கு கூலன்ட். ரேடியேட்டரை ஹோஸ் பிடித்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவினோம்.

பின்விளைவு

முதல் ஸ்டார்ட்டிலேயே மறுபடி வெண்புகை வந்தது. ஆசிரியரின் முகம் வாடிவிட்டது. இரண்டு மாதமாகச் சைலன்சர் பெட்டிக்குள் தேங்கிய தண்ணீர் அது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரை ஏறி இறங்கியதில் முழுதாக நின்றது. இதை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஒரு மனிதரை அரை மணி நேரம் தவிக்க விட்டுவிட்டோம். பில் தொகை, ரிங் வேலைக்குக் கேட்டதில் பாதிக்கும் குறைவாக வந்தது.

ஒன்பதாம் நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். லிந்துலையிலிருந்து ஏறும்போது முள் முக்கால்வாசிக்கு ஏறியிருக்கிறது. உடனே ஓரமாக நிறுத்தியிருக்கிறார். நாங்கள் போய் முதலில் நீலத் திரவத்தை வைத்துப் பார்த்தோம். நிறம் மாறவில்லை, கேஸ்கட் நன்றாகவே இருந்தது. ரேடியேட்டரைக் கையால் தடவியபோது மேல்பகுதி சுட்டது, கீழ்ப்பகுதியின் பாதி குளிர்ந்திருந்தது. ஒழுக்கை அடைக்கப் போட்ட அந்தத் தூள், மெல்லிய குழாய்களில் இறுகிப்போய் இருந்தது. ஹோஸில் கழுவினால் போகிற பொருள் இல்லை அது. தெளிந்த தண்ணீர் வந்ததும் நாங்கள் போதும் என்று நினைத்தது தவறு. திறந்திருந்த குழாய்களின் வழியாக மட்டும் வந்த தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ரேடியேட்டரைக் கழற்றி, தொட்டியைத் திறந்து குழாய்களுக்குக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் கடைக்குக் கொடுத்தோம். அந்தச் செலவை நாங்களே ஏற்றோம். அவர் முள்ளைக் கவனித்து நிறுத்தாமல் இன்னும் ஒரு வளைவு ஏறியிருந்தால், புதிதாக ஃபேஸ் பண்ணிய ஹெட் மறுபடி வளைந்திருக்கும்.

மறுமுறை வேறாகச் செய்வது

அடைப்புத் தூள் போட்டதாக வாடிக்கையாளர் சொன்ன வண்டியில் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதை இப்போது முதல் மதிப்பீட்டிலேயே எழுதுகிறோம். சிலர் செலவு கூடுகிறது என்று வேறிடம் போகிறார்கள். பரவாயில்லை.

சோதனைகளின் வரிசையையும் மாற்றியிருக்கிறோம். அட்டை வைத்துச் சூடாக்கிப் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு காலை முழுக்கப் போனது. ஐந்து நிமிட வேலையான மூடிச் சோதனையையும் நீலத் திரவத்தையும் முதலில் செய்திருந்தால், ஒன்பது மணிக்கே விடை கிடைத்திருக்கும். வேனைப் பக்கத்தில் வைத்து ஸ்டார்ட் பண்ணும் முறையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். மூடுபனியில் புகையின் நிறத்தை வைத்து வாதாடுவதைவிட அது நேர்மையானது. வாடிக்கையாளரும் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவார்.

தேர்மோஸ்டாட் இல்லாமல் வரும் வண்டிகளை இனி வேறு விதமாகப் பார்க்கிறோம். யார் கழற்றினார்கள், ஏன் கழற்றினார்கள், அன்று வண்டி எங்கே கொதித்தது என்று கேட்கிறோம். அந்தப் பதிலில் பெரும்பாலும் முதல் பழுது இருக்கிறது. இந்தக் காரில் அது தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம், மூடியின் அடியில்.

ஆசிரியர் டயரியைத் தொடர்கிறார். ஜூன் மாதம் ஒயில் மாற்ற வந்தபோது பெப்ரவரியிலிருந்து எழுதிய பக்கங்களைக் காட்டினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் எதிரே, ரிசர்வ் தொட்டியில் பேனாவால் போட்ட கோட்டுக்கு நேராக, “குறையவில்லை” என்று எழுதியிருந்தார்.